அத்தானும் வௌவாலும்

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் ஒரு படி மேலே போய், அதை என் அத்தானின் வேட்டிக்குள் விட்டேன்.

அத்தானின் பெயர் தாயுமானவன். என் அக்கா யமுனாவின் கணவர். திருச்சி ஜங்ஷனிலிருந்து கிளம்பும் பாசஞ்சர் வண்டிகளை ஓட்டுகிறவர். லோகோ பைலட் என்று சொல்ல வேண்டும் என்பார். நாங்கள் இன்ஜின் டிரைவர் என்றுதான் சொல்வோம். வீடு ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில். எனக்கும் ஸ்ரீரங்கத்தில்தான் ஜெராக்ஸ் கடை என்பதால் பாதி நாள் சாப்பாடு அக்கா வீட்டில்தான்.

அவரைப் போல ஒழுங்கான மனிதரோடு பழகுவது லேசில்லை. மறுநாள் டியூட்டி என்றால் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூடக் கூடாது, அவர் தூங்க வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று, "காஸ் ஆஃப், மோட்டார் ஆஃப், பின்கதவு பூட்டியாச்சு" என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். அக்கா மகள் கோதை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எட்டாவது முடித்த பெண், தெருவில் நாலு பேர் பார்க்க, "பின்கதவு பூட்டியாச்சுப்பா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். ஒருமுறை சத்திரம் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, டிரைவர் போனில் பேசிக்கொண்டே வண்டியை எடுப்பதைப் பார்த்துவிட்டார். அடுத்த நிறுத்தத்திலேயே அக்காவையும் இரண்டு காய்கறிப் பைகளையும் இறக்கிவிட்டு, காவிரிப் பாலத்தின் மேல் நடத்தியே வீட்டுக்குக் கூட்டி வந்தார். "சந்தேகமான கையில உசுர குடுக்கறதா?" என்பதுதான் அவர் கேள்வி. அக்கா அதற்குப் பதிலாக மறுநாள் உப்பில்லாத சாம்பார் வைத்தாள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அத்தானின் அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். நடுக்குவாதம் வந்து போய்ச் சேர்ந்தார். அது ஆரம்பித்தது ஏறக்குறைய இப்போது அத்தானுக்கு இருக்கும் வயதில்தான். முதலில் கை நடுங்கவில்லையாம். சட்டைப் பொத்தான் போட நேரமாக ஆரம்பித்ததாம். ரொம்ப நாளைக்கு யாருக்கும் அது நோய் என்றே தோன்றவில்லை.

இந்தக் கோடை விடுமுறையில் கோதை பொழுது விடிந்தால் போனில் சுட்டுக்கொண்டே இருந்தாள். யாரைச் சுடுகிறாள், ஏன் சுடுகிறாள் என்று கேட்டால், "டீம் மாமா, பேசாதீங்க" என்பாள். எங்கள் காலத்து வீடியோ கேம் என்ன என்று இந்தப் பெண்ணுக்குக் காட்டுவோம் என்று எனக்கு ஒரு வீம்பு. பழைய டிவி கேம்களையெல்லாம் உள்ளே அடைத்த சின்னப் பெட்டி ஒன்று இப்போது விற்கிறார்கள். வாங்கி வந்து அவர்கள் வீட்டுப் பெரிய எல்இடி டிவியில் மாட்டினேன்.

அதில் தொப்பிக்காரன் இருந்தான். அந்த கேமின் நிஜப் பெயர் திருச்சியில் ஒருத்தருக்கும் தெரியாது. முதல் திரையில் ஏதோ ஜப்பான் எழுத்து ஓடும். நாங்கள் தொப்பிக்காரன் என்று வைத்துக்கொண்டோம். தொப்பி போட்ட ஒரு குள்ளன் காட்டுக்குள் வலப்பக்கமாக ஓடிக்கொண்டே இருப்பான். குழி வந்தால் குதிக்க வேண்டும். அத்தான் பாலிடெக்னிக் படித்த காலத்தில் தில்லை நகரில் ஒரு வீடியோ கேம் கடையே கதி என்று கிடந்தவர். அவர் தொப்பிக்காரனை ஆடினால் கடைக்காரரே எழுந்து வந்து பின்னால் நிற்பாராம். சொன்னது அத்தான்தான், வேறு சாட்சி கிடையாது.

கோதை கொஞ்ச நேரம் ஆடினாள். செத்தாள். ஆட்டம் முதலிலிருந்து ஆரம்பித்தது.

"விட்ட எடத்துலேர்ந்து வராதா மாமா?"

"வராது. மொதல்லேர்ந்துதான்."

"எதுக்கு? நான்தான் அதெல்லாம் தாண்டிட்டேனே!"

கன்ட்ரோலை அவளிடமிருந்து வாங்கினேன். நானும் ஆடிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சலித்துவிட்டது. அதே நாலு ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும் பாட்டு, கட்டம் கட்டமாக மரம், எங்கே செத்தாலும் முதல் குழி. இதற்காகவா ஸ்கூலுக்கு மட்டம் போட்டோம் என்று இருந்தது. சின்ன வயதில் தேனாக இருந்த ஜவ்வுமிட்டாயை இப்போது வாயில் போட்டால் பல்லில் ஒட்டுகிறதே, அந்த மாதிரி. பெட்டியைக் கழற்றப் போனேன். அப்போதுதான் அத்தான் டியூட்டி முடிந்து வந்தார்.

"தொப்பிக்காரனா! குடுறா இங்க."

காட்டுக்குள் பாதி வழியில் அடுத்தடுத்து இரண்டு குழி. நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்குத் திட்டு. திட்டில் கால் வைத்ததும் எதிரே ஒரு வௌவால் பாயும். மேலே வந்தால் குனிய வேண்டும், கீழே வந்தால் குதிக்க வேண்டும். எது வரும் என்று முன்கூட்டி யாரும் சொல்ல முடியாது. அந்த இடத்தில்தான் தில்லை நகரே தோற்கும், அத்தான் மட்டும் தாண்டுவார்.

அத்தான் திட்டில் நின்றார். வௌவால் வந்தது. அவர் குனிவதற்குள் அடித்துவிட்டுப் போய்விட்டது. சிரித்தார். மறுபடி முதலிலிருந்து ஓடி வந்தார். இந்த முறை வௌவால் கீழே வந்தது. குதித்தார், ஆனால் வௌவால் பட்ட பிறகு குதித்தார். அதற்கு அடுத்த முறை சிரிக்கவில்லை.

"அப்பா, டப்பா கேம்ப்பா இது. விடுங்க," என்றாள் கோதை.

"இரு," என்றார் அத்தான். அவர் குரல் மாறிவிட்டிருந்தது. நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கும் வயசாச்சே என்று கேலி செய்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அந்த வாரம் ஓய்வு கிடைத்த போதெல்லாம் அத்தான் டிவி முன்னால்தான். பிடித்து ஆடுகிற முகம் இல்லை. பல் வலிக்கிறவன் நாக்கால் அந்தப் பல்லையே தொட்டுப் பார்ப்பானே, அப்படி ஆடினார். அக்கா கடைக்குப் போன் செய்தாள்.

"சித்தார்த்தா, உங்கத்தான் கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு சட்டைப் பொத்தானப் போட்டுப் போட்டு அவுக்குறாருடா."

அவர் அப்பாவுக்கும் பொத்தானில்தானே ஆரம்பித்தது. கேலி செய்த வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. கடையை மூடிவிட்டு ஓடினேன்.

அத்தான் மறைக்கவில்லை. "கண்ணு பாக்குதுடா. வௌவால் வர்றது தெரியுது. ஆனா கை லேட்டா போகுது. அப்பாவுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்? நான் என்ன ஜெராக்ஸ் கடையா வெச்சிருக்கேன், கை கொஞ்சம் லேட்டானா பரவால்லன்னு விட?" என்றார். என் தொழிலை இழுத்ததற்காக வேறு சமயமாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அவருக்கு என்ன போகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். உடம்பு தகுதி இல்லை என்று எழுதிவிட்டால் ரயில்வேயில் வேலை போகாது, எங்காவது ஆபீஸில் நாற்காலி கொடுப்பார்கள். ஆனால் இன்ஜின் போய்விடும். இந்த மனிதரிடமிருந்து இன்ஜினைப் பிடுங்கினால் மிச்சம் இருப்பது காஸ் ஆஃப், மோட்டார் ஆஃப் மட்டும்தான். சொல்லாமல் ஓட்டினாலோ, பின்னால் அத்தனை பெட்டி நிறைய ஜனம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கே நம்பிக்கை இல்லை. அன்றைக்குப் பூராவும் போனில் தேடினேன். தேடியதற்குப் பலன் கிடைத்தது. பழைய கேமைப் புது எல்இடி டிவியில் போட்டால் படம் ஒரு நொடியில் சின்னத் துண்டு தாமதமாகத்தான் வருமாம். பழைய பிக்சர் டியூப் டிவியில் அந்தத் தாமதம் இல்லையாம். அதனால்தான் பழைய கேமெல்லாம் இப்போது ஆட முடியாத மாதிரி தோன்றுகிறது என்று உலகம் பூராவும் ஆட்கள் புலம்பியிருந்தார்கள். நானும் திட்டில் செத்தவன்தானே! எனக்கு என்ன நடுக்குவாதமா?

அத்தானிடம் சொன்னேன். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியதைக் கண்ணால் பார்த்தேன். அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். ஆனாலும் அத்தான் அத்தான்தானே. "சொன்னா ஆச்சா? பாத்துடணும். பிக்சர் டியூப் டிவி எங்க கெடைக்கும்?" என்றார்.

பாலக்கரையில் எங்கள் பழைய கணக்கு டீச்சர் அக்னஸ் இருக்கிறார். எதையும் தூக்கிப் போடாத மனுஷி. கோதையையும் அழைத்துக்கொண்டு மூன்று பேரும் போனோம். டீச்சர் டிவி மேலிருந்த பூத்துணியை எடுத்துவிட்டு, "நல்லாத்தான் ஓடும். என்ன வேணா போட்டுக்கங்க," என்றார்.

முதலில் நான் ஆடினேன். திட்டில் நின்றேன், வௌவால் மேலே வந்தது, குனிந்தேன், தாண்டிவிட்டேன்! எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கோதை வாங்கினாள். அவளும் தாண்டினாள். "ஆமாம் மாமா, இதுல கை ஒடனே கேக்குது," என்றாள். அத்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வௌவால் அடித்தது.

மறுபடியும் அடித்தது. மேலே வந்தபோதும் அடித்தது, கீழே வந்தபோதும் அடித்தது. நாங்கள் இருவரும் தாண்டிய இடத்தில், அதே டிவியில், எங்கள் கண் முன்னால் அந்தத் தொப்பிக்காரன் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதமாகக் குனிந்தான், கொஞ்சம் தாமதமாகக் குதித்தான். நான் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளை எதற்குக் கூட்டி வந்தோம் என்று கோதையைப் பார்த்தபோது தோன்றியது.

அத்தான் கன்ட்ரோலைக் கீழே வைத்தார். டீச்சர் கொடுத்த ரோஸ் மில்க்கை மரியாதையாகக் குடித்து முடித்தார். விஷயம் தெரியாத டீச்சர், "அவ்வளவு ஆசையா இருந்தா டிவியவே எடுத்துட்டுப் போங்க தம்பி," என்றார். வேண்டாம் என்று சொல்லக்கூட எங்களுக்குத் தெம்பில்லை. ஆட்டோவில் அந்தப் பெரிய டிவியை எனக்கும் அத்தானுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வந்தோம்.

வீட்டில் அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"நாளைக்குப் போய்ச் சொல்லிடப் போறேன்," என்றார் அத்தான்.

"என்னன்னு சொல்வீங்க? பொம்மை ஆடத் தெரியலன்னா?" அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். "மெடிக்கலுக்கு அவங்க கூப்பிடறப்ப போனாப் போதும். இத்தனை வருஷத்துல ஒரு கோழிக்குஞ்சு அடிபட்டுருக்கா உங்க வண்டில? நீங்களா போயி தலையக் குடுக்காதீங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க."

"யமுனா, நீ சொல்லு. அடுத்த வெள்ளிக்கிழமை வையம்பட்டிக்குக் காதுகுத்துக்குப் போறீங்கல்ல? அந்த வண்டி என்னோடதுதான். நீயும் கோதையும் அதுல ஏறுவீங்களா?"

ஏறுவோம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் முடிந்தது. நான் அக்காவின் வாயையே பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள், கோதையைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். பிறகு அடுப்பில் எதுவுமே இல்லாதபோது, "பால் பொங்குது," என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சித்தார்த்தா, வையம்பட்டிக்கு பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு விசாரிச்சு வெய்யி," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். திரும்பினால் அத்தான் தண்ணீர்ச் சொம்போடு அடுப்படி வாசலில் நிற்கிறார். அவருக்குக் கேட்டுவிட்டது. அவர் சொம்பை வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு நான் அந்த வீட்டில் சாப்பிடவில்லை.

காலையில் கடை திறக்கும் முன் போய் எட்டிப் பார்த்தேன். அத்தான் குளித்து, சலவைச் சட்டை போட்டு, ரயில்வே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அக்கா வழி மறித்து நின்றாள்.

"ஒரு தடவ எனக்கு ஆடிக் காட்டிட்டுப் போங்க. எதனால இந்த வீடு இப்படி ஆச்சுன்னு நானும் பாக்கணும்ல."

அதுவரை அவள் அந்தக் கேமை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அத்தானுக்கு மறுக்கவும் வலுவில்லை. டீச்சர் கொடுத்த டிவி கூடத்தில் தரையில் இருந்தது. நான் மாட்டிக் கொடுத்தேன். அக்கா திரையைப் பார்க்கவில்லை. டிவிக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்து புருஷன் முகத்தையே பார்த்தாள். தொப்பிக்காரன் ஓடினான், திட்டில் நின்றான், வௌவால் அடித்தது.

"இன்னொரு தடவ," என்றாள்.

இன்னொரு தடவையும் அடித்தது.

"யாரோட பேசுறீங்க?"

"யாரு பேசறது?"

"நீங்கதான். அது வர்றப்ப உங்க வாய் அசையுது. 'மேல'ங்கறீங்க. இப்ப 'கீழ'ன்னீங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தானுக்கு விளங்கிவிட்டது. அவர் கன்ட்ரோலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இன்ஜினில் ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் டிரைவர் கையை நீட்டி, "டிஸ்டன்ட், கிரீன்!" என்று, அது எந்த சிக்னல், என்ன நிறம் என்பதை வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் இருக்கும் அசிஸ்டெண்ட் அதைப் பார்த்துத் திருப்பிக் கூப்பிட வேண்டும். கண் பார்த்ததை வாய் சொல்லி, இன்னொரு வாய் ஆமாம் என்ற பிறகுதான் கை அசைய வேண்டும். பார்த்ததாக நினைத்துக்கொண்டு கை தானாகப் போய்விடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அத்தான் இதைச் செய்து செய்து, தூக்கத்தில்கூட "ஹோம், எல்லோ" என்பார், அக்கா பாதித் தூக்கத்தில் "எல்லோ, எல்லோ, படுங்க" என்பாள். அந்த மனுஷன் வௌவாலுக்கும் சிக்னல் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! வௌவால் என்ன, அசிஸ்டெண்ட் பதில் சொல்லும் வரை காத்திருக்குமா?

அக்கா எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "வாய் நெறைய வெச்சுக்கங்க. முழுங்கக் கூடாது, துப்பவும் கூடாது. இப்ப ஆடுங்க."

கன்னம் இரண்டும் உப்பிய இன்ஜின் டிரைவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்பிக்காரன் ஓடி வந்து திட்டில் கால் வைத்தான். வௌவால் கீழே வந்தது. குதித்தான். தாண்டிவிட்டான்! கோதை கத்தினாள். அத்தான் நிறுத்தவில்லை. வேண்டுமென்றே செத்து, முதலிலிருந்து ஓடி வந்து மறுபடி நின்றார். மேலே வந்தது, குனிந்தான். மறுபடி வந்தார், மறுபடி தாண்டினார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

அத்தான் எழுந்து முற்றத்தில் தண்ணீரைத் துப்பிவிட்டு வந்தார். நாங்கள் மூன்று பேரும் கொண்டாடத் தயாராக இருந்தோம். அவர் முகம் தெளியவில்லை.

"வாய் சொன்னாத்தான் கை போகும்னு ஆயிடுச்சுன்னா, திடீர்னு ஒரு ஆளு தண்டவாளத்துல குறுக்க வந்தா? அவனயும் கூப்பிட்டுட்டுத்தான் பிரேக் போடுவேனா?"

"அய்யோ, தெளிஞ்ச தண்ணியக் கலக்காதீங்க!" என்றேன் நான். எனக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்துவிட்டது.

அக்கா முன்னால் வந்தாள். "வெள்ளிக்கிழமை உங்க வண்டிலதான் வரோம். போதுமா?"

"நேத்திக்குக் கேட்டப்ப நீ பேசல, யமுனா." அவர் குரலில் குத்தல் இல்லை. "சிக்னல் எரியலன்னா அதச் சிவப்புன்னு எடுத்துக்கணும். அதான் ரூல். போயிட்டு வரேன்."

போய்விட்டார். அக்கா அன்று பூராவும் அந்த ஒரு வாக்கியத்தோடு கிடந்தாள். அவளைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. பெற்றவள் வேறு என்ன செய்வாள்?

டாக்டர்கள் அவரை இன்ஜினிலிருந்து இறக்கி வைத்துச் சோதித்தார்கள். கையை நீட்டச் சொன்னார்கள், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார்கள், விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அந்த நாட்களில் அத்தான் வீட்டில் நடமாடியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கடைசியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "வெளக்குதான் எரியுது. வெளக்கு குறுக்க ஓடாதே," என்றார். வெள்ளிக்கிழமை வண்டிக்கு அவர் பெயர் போட்டிருந்தார்கள்.

நாங்கள் ஏறினோம். அக்கா வேண்டுமென்றே இன்ஜினை ஒட்டிய முதல் பெட்டியில் ஏறினாள். கோதை ஜன்னலோரம் உட்கார்ந்து போனை எடுத்தாள், பிறகு தானாகவே பையில் வைத்துவிட்டாள். பூங்குடி, குளத்தூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வண்டி நின்று கிளம்பியது. வழக்கமாக அக்கா ரயிலேறினால் பக்கத்தில் இருப்பவளின் நாத்தனார் கதை வரை கேட்டுவிடுவாள். அன்று ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. ஒருவர் முறுக்கு நீட்டினார், அவள் பார்க்கவே இல்லை. மணப்பாறை தாண்டியது. அடுத்தது வையம்பட்டிதான், இறங்கிவிடலாம் என்று நான் மூச்சு விட்டேன்.

வண்டி வேகம் எடுக்க ஆரம்பித்த இடத்தில், ஒரு வளைவில், தூக்கிப் போட்டது. நான் எதிர் சீட்டில் போய் விழுந்தேன். மேலே இருந்த பைகள் உருண்டன. சக்கரம் கீச்சிட்டு அலறியது, பெட்டி முழுக்கக் கூச்சல். பிறகு நின்றது. ஹாரன் அப்போதுதான் நீளமாக அடித்தது.

அக்கா கோதையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். "இடிச்சிட்டாரா? டேய், பாருடா, இடிச்சிட்டாரா?"

கதவுக்கு ஓடினேன். படியில் தொங்கி எட்டிப் பார்த்தேன். இன்ஜினுக்கு முன்னால், ஒரு வீட்டு முற்றம் அளவு தூரம்கூட இருக்காது, தண்டவாளத்தில் ஒரு மொபெட் சிக்கிக் கிடந்தது. கேட் இல்லாத இடத்தில் ஒருவன் அதைத் தள்ளிக்கொண்டு கடக்கப் பார்த்திருக்கிறான். அதை விட்டு ஓடவும் மனசில்லாமல் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அந்த ஆள் நின்றுகொண்டிருந்தான். முழுசாக நின்றுகொண்டிருந்தான்.

"இல்லக்கா! இடிக்கல!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இரண்டு பேர் இறங்கிப் போய் மொபெட்டைத் தூக்கி எறிந்தார்கள், அந்த ஆளுக்கு முதுகில் நாலு வைத்தார்கள், வண்டி கிளம்பியது. வையம்பட்டியில் இறங்கியதும் அக்கா வெளியே போகும் கூட்டத்தை இடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக, இன்ஜினை நோக்கி நடந்தாள். நானும் கோதையும் பின்னால் ஓடினோம்.

அசிஸ்டெண்ட் செந்தமிழன் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தார். அத்தானோடு பல வருஷம் ஓட்டுகிறவர், எங்களையெல்லாம் தெரியும்.

"அக்கா, சார் இன்னிக்கு ரூல் மீறிட்டாரு," என்றார். சிரிக்க முயன்றார், முகம் வெளுத்துத்தான் இருந்தது. "கூப்பிடவே இல்ல. ஆளப் பாத்து நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பிரேக்கப் போட்டுட்டாரு."

பின்னாலிருந்து அத்தான் எட்டிப் பார்த்தார். "கூப்பிட்டேன்யா. 'ஆளு'ன்னு கத்தினேனே!"

"வண்டி நின்னப்பறம் கத்தினீங்க சார்."

அத்தான் செந்தமிழனைப் பார்த்தார். பிறகு தன் வலது கையை, யாரோ கொண்டுவந்து கொடுத்ததைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கோதை, "அப்பா," என்று கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. கடைசியில் அக்காவிடம் திரும்பினார்.

"பயந்துட்டியா? சாயங்காலம் திரும்பறதுக்கு இவன் பஸ்ஸு டயம் விசாரிச்சு வெச்சிருக்கான்ல, அதுலயே..."

"பஸ்ஸுல யாரு போறா?" என்றாள் அக்கா. குரல் உடைந்து, ஏறி, பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. "நீங்க எத்தன மணிக்கு இந்தப் பக்கம் வரீங்க, அதச் சொல்லுங்க."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் முன்னால் சிக்னலில் பச்சை விழுந்துவிட்டது. அதைத்தான் முதலில் கூப்பிட்டார்.